பட்டியல் போடுகிறவர்கள்

இது முதலில் எங்களுக்கே எதிரான கட்டுரை. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் முறை.

கோவையிலோ சென்னையிலோ இளையராஜாவின் கச்சேரி ஒன்று அறிவிக்கப்பட்டால், மறுநாள் மாலையே அவிநாசி சாலையில், திருமுருகன்பூண்டித் தேநீர்க் கடையொன்றின் பெஞ்சில் நாங்கள் கூடிவிடுவோம். ஆசிரியர்கள் இருவர், பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், சாயப்பட்டறைக் கணக்கர் ஒருவர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர் ஒருவர். எல்லோரும் சிற்றிதழ் வாசிப்பவர்கள். நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் கறாராகப் பேசத் தெரிந்தவர்கள். ஆனால் அந்த மாலையில் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மேடையில் என்னென்ன பாடல்கள் வரும் என்று வரிசையாக எழுதுவோம். முதல் பாடல் எது என்பதில் ஊகத்துக்கே இடமில்லை. 'தாய் மூகாம்பிகை' (1982) படத்தின் அந்த அம்மன் பாடலோடு தொடங்குவதுதான் அவரது மேடை வழக்கம். அதற்குப் பிறகு சண்டை ஆரம்பிக்கும். எண்பதுகளா, தொண்ணூறுகளா? எஸ்.பி.பி. இல்லாத மேடையில் அவர் பாடல்களை யாருக்குக் கொடுப்பார்கள்? இடைவேளைக்கு முன் எது, முடிவில் எது?

ராக் இசைக்குழுக்களின் ரசிகர்களிடம் உலகெங்கும் உள்ள பழக்கம் இது. அடுத்த இசைத்தட்டில் என்ன இருக்கும், அடுத்த மேடையில் எதை வாசிப்பார்கள் என்று ஆருடம் சொல்வது அவர்களுக்குப் பாதி வாழ்க்கை. நம்மிடம் அந்த அளவுக்குக் குழுக்கள் இல்லாததால் திரையிசையமைப்பாளர்களிடம் அதைச் செய்துகொள்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் இப்படி ஒரு மாலையில், பக்கத்துப் பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர் எங்கள் தாளை எட்டிப் பார்த்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்.

"ஏனுங் சார், இத்தன பாட்டு எழுதி வெச்சிருக்கீங்களே, இதுல எட்டாவதா ஒண்ணு போட்டிருக்கீங்க பாருங்க, அதுல ரெண்டாவது சரணத்துக்கு முந்தி ஒரு வயலின் வருமுங்களே, அது ஆருங் வாசிச்சது?"

எங்களுக்குத் தெரியவில்லை. அதைவிட மோசம், அப்படி ஒரு வயலின் அங்கே வருகிறது என்பதே எங்களில் மூவருக்கு நினைவில்லை. "பார்த்துச் சொல்றோமுங்க அண்ணா" என்றோம். "செரீங்க, தெரிஞ்சாச் சொல்லுங்க" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்களை உறுத்திக்கொண்டிருப்பது இந்தக் கேள்விதான்: நாங்கள் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்தது இசை கேட்பதா, இருப்புக் கணக்கெடுப்பதா?

*

இவ்விடத்தில் இலக்கிய அன்பர்கள் சிலர் மகிழ்ச்சியோடு குறுக்கிடக்கூடும். "நாங்கள்தான் எப்போதோ சொன்னோமே, சினிமாப் பாட்டு ரசிகனுக்கு வேறு என்ன தெரியும்?" என்பார்கள். அந்த மேட்டிமைக்கு இக்கட்டுரையில் ஆதரவு கிடைக்காது. மேடையில் எதைப் பாடுவது என்பது அற்பமான விவாதம் என்று சொல்பவருக்குத் தமிழ்நாட்டின் வரலாறே தெரியவில்லை என்றுதான் பொருள்.

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாட்டையும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தையும் நினைத்துப் பார்க்கலாம். ராஜா அண்ணாமலை செட்டியார் முன்நிற்க, கல்கியும் டி.கே.சி.யும் எழுதியும் பேசியும் தீர்த்தது எதைப் பற்றி? கச்சேரியில் என்ன பாடப்பட வேண்டும் என்பதைப் பற்றித்தான். தமிழ்ப் பாடல் கச்சேரியின் கடைசியில், வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடும் நேரத்தில் பாடும் துக்கடாவாக மட்டும் இருக்கலாமா, நடுநாயகமாக வரக்கூடாதா என்பதுதான் கேள்வி. இன்றைய சொல்லில் சொன்னால் அதுவும் ஒரு பாடல் பட்டியல் தகராறுதான். ஆனால் அதன் பின்னால் ஒரு பெரிய கேள்வி நின்றது: ஒரு மக்களின் மொழி அவர்களுடைய அரங்கில் எந்த இடத்தில் அமரும்? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஒழுங்குபடுத்திக் கொடுத்த கச்சேரி அமைப்பும் அப்படித்தான். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் வழியே ஏறி, துக்கடாக்களில் இறங்கும் அந்த வரிசைக்குப் பின்னால், மனிதச் செவி எவ்வளவு நேரம் எதைத் தாங்கும் என்ற நுட்பமான அறிவு இருந்தது.

ஆகவே பட்டியலே குற்றம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கேள்வி இல்லாத பட்டியல்தான் குற்றம். எங்கள் தாளில் இருந்த முப்பது பாடல்களை ஏன் அந்த வரிசையில் எழுதினோம் என்று கேட்டால், "அது ஹிட்டு, இது ஹிட்டு" என்பதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை.

*

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறோம். நாங்கள் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டு பையர்களாக மாறிவிட்டோம்.

பனியன் தொழிலில் பையர் என்பவர் யார்? தனக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர். துணியின் ஜி.எஸ்.எம். எவ்வளவு, ஷேட் எது, கழுத்துப் பட்டியின் அகலம் எத்தனை என்று எழுதி அனுப்பிவிடுவார். இங்கே ஒரு சாம்பிள் தைத்து அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் உற்பத்தி தொடங்கும். பிறகு வரும் பல்லாயிரம் உருப்படிகளும் அந்த அப்ரூவல் சாம்பிளைப் போலவே இருக்க வேண்டும். ஷேட் கொஞ்சம் மாறினாலும் செக்கிங்கில் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனவை காதர்பேட்டையில் செகண்ட்ஸாகக் குவியும். தொழிலுக்கு இது நியாயம். பத்தாயிரம் சட்டைகளில் இரண்டாயிரம் வேறு நிறத்தில் இருந்தால் வாங்குகிறவர் என்ன செய்வார்?

கலைக்கு இது நியாயமா? நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேசட்டில் கேட்ட வடிவம் எங்களுக்கு அப்ரூவல் சாம்பிள் ஆகிவிட்டது. மேடையில் தாளகதி சற்று மாறினால் முகம் சுளிக்கிறோம். இடையிசையில் ஒரு புதிய வாத்தியம் நுழைந்தால் "ஒரிஜினல் மாதிரி இல்லையே" என்கிறோம். தெரியாத பாடல் ஒன்றைத் தொடங்கினால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமோசா வாங்கப் போகிறோம். பிறகு வெளியே வந்து, எங்கள் பட்டியலில் இருந்த முப்பதில் எத்தனை வந்தது என்று எண்ணி, இருபத்திரண்டு என்றால் நல்ல கச்சேரி, பன்னிரண்டு என்றால் ஏமாற்றம் என்று தீர்ப்பு எழுதுகிறோம். இது ரசனை அல்ல, சரக்கு வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கும் வேலை.

2017 ஜூலை 8 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஏ.ஆர். ரஹ்மான் 'நேற்று இன்று நாளை' என்ற பெயரில் நடத்திய நிகழ்ச்சி பலருக்கும் நினைவிருக்கும். தமிழ்ப் பாடல்கள் அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியிலேயே எழுந்து போனதாகவும், பணத்தைத் திரும்பக் கேட்டதாகவும் செய்திகள் வந்தன. நிகழ்ச்சியின் பெயரே தமிழில் இருக்க, இது என்ன அடாவடி என்று நாங்கள் கொதித்தோம். அந்தக் கொதிப்பில் நியாயமும் இருந்தது. ஆனால் நாங்கள் செய்தது என்ன? உடனே எங்கள் பங்குக்கு உட்கார்ந்து, எத்தனை தமிழ், எத்தனை இந்தி என்று எண்ணினோம். எழுந்து போனவர்களும் எண்ணினார்கள், திட்டிய நாங்களும் எண்ணினோம். அன்றிரவு அங்கே எப்படிப் பாடினார்கள் என்று எங்கள் வட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எழுந்து போனவருக்கும் எங்களுக்கும் மொழியில்தான் வேறுபாடு, செவியில் இல்லை.

1966 மே 17 அன்று மான்செஸ்டரில் பாப் டிலன் மின் கிதாரோடு மேடையேறியபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்" என்று கத்தினார். நாட்டார் பாடகனாகத் தாங்கள் ஒப்புக்கொண்ட சாம்பிளிலிருந்து அவர் விலகிவிட்டார் என்பதுதான் அந்த ரசிகரின் குறை. டிலன் அந்தக் குரலுக்குப் பணியவில்லை என்பதால்தான் இன்று அந்த இரவைப் பேசுகிறோம். எங்கள் தேநீர்க் கடைப் பெஞ்சிலிருந்தும் ஆண்டுதோறும் அதே குரல்தான் கிளம்புகிறது. கொஞ்சம் மரியாதையாக, கொஞ்சம் கண்ணீரோடு.

*

மேடையை விடுவோம். வரப்போகும் இசைத்தொகுப்பு பற்றிய ஊகம் இன்னும் விசித்திரமானது.

1993-இல் இளையராஜா எழுதிய சிம்பொனி, லண்டனில் ஜான் ஸ்காட் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவினரால் பதிவு செய்யப்பட்டது. அது வெளிவரவேயில்லை. அந்த வெளிவராத இசையைப் பற்றி ஒரு தலைமுறையே பேசித் தீர்த்தது. எப்போது வரும், ஏன் வரவில்லை, அதில் என்ன ராகம் இருக்கும், தவில் இருக்குமா என்றெல்லாம் நாங்களும் பேசினோம். கேட்காத ஓர் இசையைப் பற்றி முப்பது ஆண்டுகள் பேச முடிந்திருக்கிறது என்றால், பேசுவதற்குக் கேட்பது தேவையில்லை என்றுதானே ஆகிறது?

கேட்கக் கிடைத்தவற்றை என்ன செய்தோம்? 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு. 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு 'திருவாசகம்' வந்தது. இவற்றின் பெயர்களை எங்களில் எல்லோரும் ஒப்பிப்போம். ஆனால் 'ஹவ் டு நேம் இட்'டை முதலிலிருந்து கடைசிவரை, வேறு வேலை பார்க்காமல், ஒரே மூச்சில் கேட்டவர் எத்தனை பேர் என்று அண்மையில் எங்களுக்குள் கேட்டுக்கொண்டபோது ஒரு கைதான் உயர்ந்தது. அதுவும் பாதி உயரத்தில் தயங்கி நின்றது.

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் அவரது 'வேலியன்ட்' சிம்பொனி ஒலித்தது. எண்பது வயதைக் கடந்த ஒரு மனிதர், பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பியவர், நான்கு பகுதிகள் கொண்ட ஒரு சிம்பொனியை எழுதி அங்கே அரங்கேற்றினார். எங்கள் ஊரில் இனிப்பு வழங்கினோம். அடுத்த வாரமே பெஞ்சில் எழுந்த கேள்வி, "அடுத்த சிம்பொனி எப்போது?" முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் என்ன உறவு, எந்தக் கருப்பொருள் எங்கே திரும்பி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வந்துவிட்ட இசைக்கு எங்களிடம் சொல் இல்லை. வராத இசைக்கோ எங்களிடம் சொல் தீர்வதேயில்லை.

இது நமக்கு மட்டும் உள்ள நோயல்ல. பீச் பாய்ஸ் குழு 1967-இல் கைவிட்ட 'ஸ்மைல்' தொகுப்பை அதன் ரசிகர்கள் பல பத்தாண்டுகள் கனவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2004-இல் பிரையன் வில்சன் அதைப் புதிதாக முடித்து வெளியிட்டார். பழைய ஒலிப்பதிவுகள் 2011-இல் வெளிவந்தன. கன்ஸ் அன் ரோஸஸ் குழுவின் 'சைனீஸ் டெமாக்ரசி' பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2008-இல் வந்தது. இத்தனை காலம் காத்திருந்த காதுக்கு எந்த இசைதான் போதும்? ஊகம் முதலில் பசியைத் தூண்டுகிறது. பிறகு வந்த உணவைக் குறைசொல்லக் கற்றுக்கொடுக்கிறது.

*

அந்த டெய்லர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். இக்கட்டுரையின் மையம் அதுதான்.

எங்கள் பட்டியலில் பாடகர் பெயர் இருந்தது, படத்தின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. வாசித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. வி.எஸ். நரசிம்மனின் வயலின், சதானந்தத்தின் கிதார், புருஷோத்தமனின் டிரம்ஸ், விஜி மானுவேலின் விசைப்பலகை, நெப்போலியன் என்கிற அருண்மொழியின் குழல். நாங்கள் உருகிய இடையிசைகளில் கணிசமானவை இத்தகைய கைகள் வழியே வந்தவைதான். கேசட் உறைகளில் நடிகர் படம் இருந்தது. இவர்கள் பெயருக்கு இடம் இருக்கவில்லை. ராக் குழுவின் ரசிகனாவது குறைந்தபட்சம் டிரம்ஸ் வாசிப்பவரின் பெயரைச் சொல்வான். நாங்கள் அவனிடமிருந்து ஆருடம் பார்க்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயரறியும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டையின் கழுத்தில் பையரின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் எங்கும் இருக்காது. அந்த மனிதருக்கு வயலின்காரரின் பெயரைக் கேட்கத் தோன்றியதும், புத்தகம் படித்த எங்களுக்குத் தோன்றாமல் போனதும் தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை.

உரிமை பற்றிய விவாதத்திலும் எங்கள் நடத்தை இப்படித்தான். 2017 மார்ச்சில், எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் தம் பொன்விழாப் பயணத்தில் இருந்தபோது, அனுமதியின்றித் தம் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவிப்பு போனது. இனி அப்பாடல்களைப் பாடப்போவதில்லை என்று எஸ்.பி.பி. அறிவித்தார். ஒரு மேடையின் பாடல் பட்டியல் ஒரே நாளில் மாறியது. பாடலை உருவாக்கியவருக்கு மேடை வருமானத்தில் என்ன பங்கு, 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் எதை உறுதிசெய்கிறது, அதில் வாத்தியக் கலைஞர் எங்கே நிற்கிறார் என்றெல்லாம் பேசியிருக்க வேண்டிய தருணம் அது. நாங்கள் பேசியது: "நண்பர்களுக்குள் இப்படியா?" பிறகு, "அப்படியானால் அந்த மேடையில் வேறு எதைப் பாடுவார்?" மறுபடியும் தாள், மறுபடியும் பேனா. பின்னர் இருவரும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். 2020-இல் எஸ்.பி.பி. மறைந்தார். அந்தக் கேள்விகளை நாங்கள் இன்னும் தொடவேயில்லை.

*

நண்பர் ஒருவர் கேட்கிறார்: "பன்னிரண்டு மணிநேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவன் கொஞ்ச நேரம் ஆசையாக ஊகித்தால் என்ன கெட்டுவிட்டது? அதையும் பிடுங்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. எங்கள் பதில்: ஊகிப்பதற்கும் ஒரு தகுதி உண்டு. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழு இரவுக்கு இரவு வேறு பாடல்களை, வேறு வரிசையில், வேறு நீளத்தில் வாசித்தது. ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதித்தது. 1984 முதல் அதற்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அவர்கள் போட்ட பட்டியல் நடந்த கச்சேரியின் ஆவணம். இந்த இரவு அந்த இரவிலிருந்து எங்கே வேறுபட்டது என்று காதுகொடுத்துக் கேட்டு எழுதியது. அப்படிப்பட்டவன் அடுத்த இரவை ஊகித்தால் அதில் விமர்சனம் இருக்கிறது. நாங்கள் ஊகிப்பது மாறக்கூடாது என்பதற்காக.

இன்னொன்றையும் யோசித்தோம். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த அந்த இசையில் நேயர் விருப்பம் கேட்பதற்குப் பழைய பாடல் என்று எதுவும் இருக்கவில்லை. கூட்டத்தின் கையில் பட்டியல் இல்லை. சாதியைப் பற்றி அவர்கள் பாடியதை வந்தவர்கள் கேட்டே ஆகவேண்டியிருந்தது. ஒரு சமூகத்துக்குப் புதிதாக ஏதேனும் சொல்லப்பட வேண்டுமானால், அதற்குப் பட்டியலில் இல்லாத ஒரு காலியிடம் வேண்டும். அந்த இடத்தையும் நினைவேக்கத்தால் நிரப்பிவிட்டால் புதியவன் எங்கே நிற்பான்?

*

எங்கள் ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. சேரமான் பெருமாளிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய சுந்தரர் இவ்வழியே வருகையில், சிவனின் பூதகணங்கள் வேடர் உருவில் வந்து அத்தனையையும் பறித்துக்கொண்டனவாம். அவர் திருமுருகநாதர் முன் நின்று ஒரு பதிகம் பாடினார். வழிப்போக்கரை மறித்து உடுத்த துணியையும் விடாமல் பறிக்கிற இந்த ஊரில் உனக்கு என்ன வேலை என்று இறைவனையே நிற்க வைத்துக் கேட்கிற பாட்டு அது. புகழ்மாலையை எதிர்பார்த்துச் செவிகொடுத்தவருக்குக் கிடைத்தது வசை. பறிபோனது திரும்பி வந்தது என்கிறது புராணம். துணி பறிக்கும் ஊர் என்று பாடப்பட்ட இடத்தைச் சுற்றி இன்று உலகத்துக்கே துணி தைக்கிறார்கள் என்பது காலத்தின் வேடிக்கை. எங்களுக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. எதிர்பாராத பாட்டைக் கேட்கும் பொறுமை தெய்வத்துக்கு இருந்திருக்கிறது.

ஆகவே சில தீர்மானங்கள் செய்திருக்கிறோம். அடுத்த கச்சேரி அறிவிக்கப்படும்போது தாளை எடுப்பதில்லை. மாதம் ஒரு ஞாயிறு, பிரிண்டிங் பட்டறை ஓடாத நாளில், ஒரே ஒரு தொகுப்பை முழுதாகக் கேட்பது. வாசித்தவர் பெயர் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பாடலைப் பற்றியும் எழுதுவதில்லை. இதைப் படித்துச் சிரிக்கும் ரசிக நண்பர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும், தங்கள் உயிரினும் மேலான பாடலில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் என்ன வருகிறது என்று பாடலைப் போடாமல் சொல்லிப் பார்க்கட்டும்.

அந்த எட்டாவது பாடலின் வயலின்காரர் பெயரை நாங்கள் இன்னும் உறுதிசெய்யவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். டெய்லர் அண்ணன் மறுபடி கேட்பதற்குள் கிடைத்துவிட வேண்டும்.